நான் ஓகே போட்ட பக்கம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக எனக்கு ஒரே வேலை. கார்க் கதவின் வெளிக் கைப்பிடியைக் கையில் எடுத்து, வெள்ளை விளக்குக்கு அடியில் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பெயின்டில் கீறல், கொப்புளம், தூசு, நிற வித்தியாசம் எதுவாவது தெரிந்தால் சிவப்பு டேக். தெரியாவிட்டால் பச்சை ஸ்டிக்கர். ஒரு தலைமுடி அளவுக்குக் கோடு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பெயின்ட் ஷாப்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

கைப்பிடிக்குள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா, கம்பி சரியாகப் பொருந்துகிறதா என்பதெல்லாம் என் வேலை இல்லை. அதை எனக்கு முன்னால் இன்னொரு டேபிளில் ஒருவர் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு பச்சைப் புள்ளி வைத்திருப்பார். புள்ளி இருந்தால் உள்ளே சரி. நான் வெளித்தோற்றம் மட்டும் பார்ப்பேன். பன்னிரண்டு வருடமும் அந்தப் புள்ளி என்னை ஏமாற்றியதே கிடையாது.

எங்கள் லைனில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கெட்ட பீஸ் எல்லோர் கண்ணுக்கும் தப்பி வாடிக்கையாளர் வரை போய்விட்டால், அதன் போட்டோவோடு 'க்வாலிட்டி அலர்ட்' என்று ஒரு தாள் அடித்து எல்லா டேபிளுக்கும் மேலே மாட்டுவார்கள். என்ன குறை, எப்படித் தப்பியது, இனி எப்படிப் பார்ப்பது என்று அதில் இருக்கும். கீழே 'தப்பவிட்டவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆள் பெயர் வரும். ஒரு மாதத்துக்கு அது தலைக்கு மேலே தொங்கும். டீ குடிக்கப் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படித்துவிட்டுப் போவான். முதல் பதினோரு வருடத்தில் என் பெயர் ஒரே ஒரு தடவைதான் அதில் வந்தது. அந்த ஒரு மாதமும் நான் கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டுதான் என் தங்கையின் ஒரு வருடத்தைக் குப்பையில் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பற்றிக்கொண்டு எரிகிறது.

தங்கை எனக்குப் பதினோரு வயது இளையவள். வல்லம் வடகால் பக்கத்தில் அப்பா, அம்மாவோடு இருந்தாள். நான் கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்தேன். நான் பிளஸ் டூ முடித்த மாதமே லைனில் ஏறியவள். அவளோ பிளஸ் டூவில் அறிவியல் குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கிவிட்டாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"உன்ன மாதிரி நாள் பூரா நின்னுகினே கீற வேல எனக்கு வேணாங்க்கா" என்பாள்.

"நர்ஸு மட்டும் இன்னா உக்காந்துகினா கீறாங்க?"

"அவங்க ஆளுக்காக நிக்கிறாங்க. நீ கைப்பிடிக்காக நிக்கிற."

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அது உண்மை என்று பட்டதால் சிரித்தேன். அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பாள், கிடைக்காவிட்டால் பேக்கிங் லைன். எங்கள் வீட்டில் மூன்றாவது வழி கிடையாது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் ஃபாரம் என்றால் நான்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஆதாரில் விலாசம் மாற்றுவது, கரண்ட் பில், எல்லாமே என் போனில்தான் நடக்கும். "அவ போன்லயே எல்லாத்தையும் முடிச்சிடுவா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவரிடம் போகலாம் என்று அப்பா சொன்னபோது, "எதுக்கு? நான் இல்லையா?" என்று கேட்டவளும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீட்டில் உட்கார்ந்தேன். தங்கை என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நர்சிங் சீட் ஒதுக்கும் அரசுத் தேர்வுக்குழுவின் இணையப் பக்கத்தில் போட வேண்டும், நெட்டில் தேடினால் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் தேர்வுக்குழு என்றுகூட அடிக்கவில்லை. 'நர்சிங் அட்மிஷன் அப்ளிகேஷன்' என்று அடித்தேன். முதலில் வந்ததைத் தொட்டேன்.

என்ன அழகான பக்கம் அது! வெள்ளைப் பின்னணி, நடுவில் கோபுரம் மாதிரி ஒரு சின்னம், சிரித்துக்கொண்டிருக்கும் நர்ஸ் ஒருத்தி. தமிழ் பளிச்சென்று இருந்தது. மேலே ஒரு பூட்டுப் படம். பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ஒரு டிக், அதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது'. அந்தப் பச்சையைப் பார்த்ததும் என் மனம் அடங்கிவிட்டது. யாரோ முன்னாலேயே பார்த்து ஓகே போட்டிருக்கிறார்கள், நான் மேலே தொடரலாம்.

தங்கை சும்மா இருக்கவில்லை. "அக்கா, பின்னால போ. நாலாவதா ஒண்ணு வந்துச்சி பாரு, அதுலதான் தேர்வுக்குழுன்னு போட்டுகீது."

அவள் திருப்திக்காக அதையும் திறந்தேன். திறந்ததும் எரிச்சல்தான் வந்தது. பக்கம் போன் திரைக்குள் அடங்கவே இல்லை. பாதி எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டது. மேலே சிவப்பு எழுத்து இடமிருந்து வலமாக ஓடியது. சின்னம் தேய்ந்த ரப்பர் ஸ்டாம்பு மாதிரி மங்கலாக இருந்தது. எதைத் தொட்டாலும் இங்கிலீஷில் பத்துப் பக்கத் தாள் இறங்கியது.

"இதப் பாத்தாலே தெரியல, டூப்ளிகேட்டுன்னு? எழுத்து எப்டி ஓடுது பாரு. கவர்மெண்ட் பண்ணா இப்டியா பண்ணுவாங்க?" என்றேன்.

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி கேட்கிற கேள்வியா அது? நான் கேட்டேன். கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன். நல்ல பீஸுக்குச் சிவப்பு டேக், கெட்ட பீஸுக்குப் பச்சை ஸ்டிக்கர். பெயின்ட் மட்டும் பார்த்துப் பழகிய கண் வேறு என்ன செய்யும்?

"இல்லக்கா, டீச்சர் சொன்னது…" என்று தங்கை மறுபடி ஆரம்பித்தாள்.

"பதினோரு வருஷமா க்வாலிட்டில கீறேன். எனக்குச் சொல்லித் தரியா நீ?"

நான் அழகான பக்கத்துக்குத் திரும்பிப் போய் அவள் பெயர், மார்க், போன் நம்பர் எல்லாம் போட்டேன். சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை, மார்க் ஷீட் கேட்கவில்லை. இரண்டே நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு பைசாகூடக் கேட்கவில்லை என்பதால் நம்பிக்கை இன்னும் கூடியது. ஏமாற்றுக்காரன் என்றால் காசு கேட்பான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த பாடம். உடனே போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதில் இரண்டு எழுத்தும் ஏழு எண்ணுமாக விண்ணப்ப நம்பர். அம்மா அதைக் காலண்டரில் எழுதி வைத்து, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துணியையும் பக்கத்தில் முடிந்தாள்.

மறுநாளிலிருந்து தங்கைக்கு போன் வரத் தொடங்கியது. "மேடம், கர்நாடகாவுல சீட் ரெடியா இருக்கு", "மேடம், ஹாஸ்டலோட சேத்துப் பண்ணித் தரோம்". எல்லாம் இனிமையான குரல்கள். அவள் ஒவ்வொருத்தரிடமும் மரியாதையாக, எனக்கு அரசுக் கல்லூரிதான் வேண்டும் என்றாள். "அதுவும் ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்றார்கள். இதுதான் கவுன்சலிங் போலிருக்கிறது என்று நாங்கள் காத்திருந்தோம்.

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரைத் திறந்தால் தங்கையிடமிருந்து பதினாறு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டதாம். கூடப் படித்த பெண் அனுப்பினாளாம். நம்பரை வைத்துத் தேடினாளாம், இல்லை. பெயரை வைத்துத் தேடினாளாம், அதுவும் இல்லை.

"லிஸ்ட்ல கீற எந்த நம்பரும் நம்ம நம்பர் மாதிரி இல்லக்கா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அரை நாள் பர்மிஷன் போட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்துச் சென்னையில் இருந்த தேர்வுக்குழு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் போனை வாங்கிப் பார்த்தார். "இது எங்களது இல்லம்மா. கடைசித் தேதி முடிஞ்சு பதினெட்டு நாள் ஆச்சு" என்றார். நான் கத்தினேன். உங்கள் பக்கத்தை ஒழுங்காக வைத்திருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன் என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எனக்குக் கத்துவதற்கு ஒரு முகம் தேவையாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து அந்த அழகான பக்கத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கவர்மெண்ட்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே?"

"நாங்க கவர்மெண்ட்னு எங்க மேடம் சொல்லியிருக்கோம்? கீழ தெளிவா போட்டிருக்கோமே. உங்க சிஸ்டருக்கு கர்நாடகாவுல…"

போனை அணைத்துவிட்டு அங்கேயே பிளாட்பாரத்தில் நின்று பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் முடிந்து, அதற்கும் கீழே, வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. இது தனியார் தகவல் தளம், எந்த அரசுத் துறையோடும் தொடர்பு இல்லை. தலைமுடிக் கோட்டைப் பிடிக்கிறவள் நான். அந்த வரியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே அந்த நிறத்தில் அடித்திருக்கிறான் ஒருவன். எந்த ஊரில் ஏசி போட்டு உட்கார்ந்து அடித்தானோ, அவன் மட்டும் அன்றைக்கு என் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்கு வேண்டியது எங்கள் காசு இல்லை. தங்கையின் பெயரும் நம்பரும்தான். படிக்க ஆசைப்படுகிற பெண்களின் நம்பர்களை வாங்கித் தனியார் கல்லூரி ஏஜென்டுகளுக்குக் கொடுப்பதுதான் அவன் தொழில். ஆசையை அறுவடை செய்து கட்டுக் கட்டாக விற்கிறான். அதற்குப் பச்சை டிக் வேறு. அந்த டிக்கை அவனே வரைந்து அவனே ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. "வுடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அம்மா அந்த மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்தாள். தங்கை அடுத்த மாதமே கான்ட்ராக்டில் வேலைக்கு வந்தாள். எங்கள் கம்பெனி, எங்கள் லைன், பேக்கிங் டேபிள். நான் ஓகே போட்டு அனுப்புகிற ஒவ்வொரு கைப்பிடியும் அவள் கைக்குத்தான் போகும். அவள் அதைக் கவரில் போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும், அதுதான் வேலை. ஆனால் கவரில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. என் பச்சை ஸ்டிக்கருக்கு மேலேயும் ஒருத்தி பார்க்கிறாள் என்பது நாள் முழுக்க என் கண்ணில் படும். என்னோடு ஒரே பஸ்ஸில் வருவாள், போவாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கோபம், தீரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்குத் தூக்கம் கெட்டது. எங்கே தப்பவிட்டேன் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் பொருள்களைச் சோதிக்கிற பிரிவில் ஒரு அக்கா இருந்தார். ஒரு நாள் கேன்டீனில் அவரிடம், லோடு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"பொருளையா? அதுக்கு மொதல்ல எங்க போறோம்? பேப்பரத்தான் பாப்போம். யார் அனுப்புனான், எந்த நாள் பண்ணான், எவன் டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டான். அது இல்லாம வந்தா தங்கமா இருந்தாலும் வண்டிய வுட்டு இறக்க மாட்டோம்."

என் டேபிளுக்கு வரும் கைப்பிடிக்கு இதெல்லாம் முன்பே முடிந்திருக்கும். நெட்டில் யாரும் எனக்கு முன்னால் நின்று முடித்து வைக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருட அனுபவம் உதவவில்லை, தடுத்தது.

அதன் பிறகு பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் இதுதான் வேலை. எங்கள் டேபிளில் ஒரு கெட்ட பீஸைச் சிவப்புப் பெட்டியில் நிரந்தரமாக வைத்திருப்போம். புதிதாக வருபவர்களுக்கு, கெட்டது என்றால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காக. நான் அந்த அழகான பக்கத்தை அப்படி வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். முதலில் வந்ததற்குக் காரணம், அது முதல் தரம் என்பதில்லை. அதன் தலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்தது. முதலிடத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். பூட்டுப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று தேடினேன். நான் அனுப்புவதை வழியில் வேறு எவனும் எட்டிப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் அர்த்தமாம். திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கும்தானே, அவன் திருடன் இல்லை என்று ஆகிவிடுமா?

விலாசத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அரசுப் பக்கம் என்றால் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில், பெரும்பாலும் ஜிஓவி டாட் இன் என்றோ என்ஐசி டாட் இன் என்றோ முடியும். நடுவில் எங்கேயாவது ஜிஓவி என்று செருகிவிட்டுக் கடைசியில் டாட் காம் என்று முடித்தால் அது வேஷம். 'எங்களைப் பற்றி' என்று இருப்பதைத் தொட்டால் ஆள் பெயர், தெரு, ஊர் வருகிறதா, வெறும் இனிப்புப் பேச்சு வருகிறதா என்று பார்த்தேன். பக்கத்தின் பெயரோடு 'புகார்' என்று சேர்த்துத் தேடினேன். தேடியபோது, எங்கள் கதையையே வேறு மாவட்டத்துப் பெண்கள் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து அடித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். போனை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது.

பத்துப் பக்கங்கள் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவே என்று நம்பப் போவேன். ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், பத்திலும் அதே வரி, அதே எழுத்துப் பிழையோடு கிடக்கும். ஒருவன் சொன்னதை ஒன்பது பேர் திருடியிருக்கிறார்கள். அதைப் பத்து சாட்சி என்று எண்ணக் கூடாது. இன்னொன்றும் பிடிபட்டது. உண்மையான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கும், அதற்குப் பிறகு மூடிவிடுவார்கள். அந்த அழகான பக்கம் மூடுவதே இல்லை. ஆடியிலும் திறந்திருந்தது, தையிலும் திறந்திருந்தது. 'இன்றே விண்ணப்பியுங்கள்' என்று அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இவ்வளவையும் கற்றேன். கற்றதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அலர்ட் தாள் தலைக்கு மேலே தொங்கிய அந்த ஒரு மாதம் எனக்கு மறக்கவில்லை. ஊரில், லைனில், பஸ்ஸில் எல்லோருக்கும் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: மார்க் பத்தவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். நல்ல மார்க் வாங்கிய பெண்ணை மார்க் பத்தாதவள் ஆக்கித்தான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அடுத்த வருடம் விண்ணப்பம் திறந்தது. தங்கை என்னைக் கூப்பிடவில்லை. அப்பாதான் சொன்னார் என்று நானே போனேன். அதே பக்கம், அதே சிவப்பு எழுத்து இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பாதியில் நின்றது. சான்றிதழின் அளவு அதிகம் என்று மூன்று தடவை திருப்பி அடித்தது. அவளே சலிக்காமல் எல்லாம் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விலாசத்தின் கடைசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரியா கீதா?" என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

லிஸ்ட் வந்த அன்றைக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று எழுந்து திரும்பி, "அக்கா! வந்துட்ச்சிக்கா! நல்ல ரேங்க்கு! கவர்மெண்ட் சீட்டு கண்டிப்பா வரும்!" என்று கத்தினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸே கைதட்டியது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் எழுந்து போய் அவள் தலையை என் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பேக்கிங்கில் அவளோடு நிற்பவள், தங்கை முடித்த அதே வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்தவள். வெட்கத்தோடு தன் போனை எடுத்தாள். "நானும் போட்டுகீறேன்க்கா. கெடச்சா சொல்லிக்கலாம்னு யாருக்கும் சொல்லல. எனக்கும் நம்பர் வந்துகீது. லிஸ்ட்ல எப்டிப் பாக்குறது? பாத்து சொல்றீங்களா?"

தங்கை வாங்கிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. போனை என்னிடம் நீட்டினாள். இரண்டு எழுத்து, ஏழு எண். அம்மா காலண்டரில் எழுதி வைத்த அதே மாதிரி நம்பர்.

"இன்னாச்சிக்கா? இல்லையா?" என்று அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல சைட்டுதான்க்கா. பச்ச டிக்கு கூட போட்டுகீதே."

உண்மையான விண்ணப்பம் மூடி இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தங்கைதான் சொன்னாள். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். "உனக்கு ஒரு வருஷமா தெரியும்ல? ஏன்க்கா யாருக்கும் சொல்லல?"

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவளுக்கு வருகிற கோபம். "நீயுந்தான் சொல்லல. உன் பக்கத்துலயேதான நின்னுகினு இருந்தா இவ? உன் வாய் இன்னா பண்ணிச்சி?"

"நான் சொன்னா, அப்ளிகேஷன யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு கேப்பாங்க. உன் பேரத்தான் சொல்லணும். இத்தன வருஷமா நீ க்வாலிட்டின்னு எல்லார்க்கிட்டயும் பேரு வாங்கி வச்சிகீற. அது போவக் கூடாதுன்னுதான் ஒரு வருஷமா வாய மூடிகினு கீறேன். உன்கிட்ட கூட பேசல, பேசுனா வந்துடும்னு."

கோபம் என்று நான் நினைத்திருந்தது அதுதான். என் பெயரைக் காப்பாற்ற அவள் ஒரு வருடம் ஊமையாக இருந்திருக்கிறாள். அவளும் நானும் சேர்ந்து காப்பாற்றிய அந்தப் பெயருக்காக இந்தப் பெண்ணின் வருடம் போய்விட்டது.

கம்பெனியில் இறங்கியதும் நான் டேபிளுக்குப் போகவில்லை. அலர்ட் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன். மேலே, பஸ்ஸிலேயே எடுத்து வைத்த அந்த அழகான பக்கத்தின் படத்தை அலுவலக அறையில் கெஞ்சி அச்செடுத்து ஒட்டினேன். என்ன குறை, எப்படித் தப்பியது, இனி எப்படிப் பார்ப்பது எல்லாம் எழுதினேன். விளம்பரம், விலாசத்தின் கடைசி, சாம்பல் வரி, மூடாத கதவு. சூப்பர்வைசர் வாங்கிப் படித்துவிட்டு, "இது நம்ம பிராடக்ட் இல்லையேம்மா" என்றார்.

"நம்ம லைன் பொண்ணுங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லோரும் வருகை பதிகிற பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

தங்கை வந்து நின்று முழுதாகப் படித்தாள். கடைசி இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன. பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள். 'தப்பவிட்டவர்' என்ற இடத்தில் என் பெயரையும் டோக்கன் நம்பரையும் எழுதினேன். அவள் கீழே 'சரிபார்த்தவர்' கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

டீ இடைவேளையில் கூட்டம் நின்று படித்தது. அந்தப் பெண்ணும் வந்தாள். எல்லோரும் போன பிறகும் நின்று, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"ரெண்டு மாசம் முன்னாடி மாட்டியிருந்தா நான் பாத்திருப்பேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேக்கிங் டேபிளுக்குப் போனாள்.